வடிவேலைக் கூப்பிட்டது யார்

டெல்பின் அந்தப் பொய்யைச் சொன்னபோது அவள் காலில் செருப்புகூட இல்லை. கீழ்வீட்டில் அலறல் கேட்டு, நைட்டியின் மேல் ஒரு துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு அப்படியே படியிறங்கி ஓடி வந்திருந்தாள். டெல்லி கரோல் பாகில் அந்த இரண்டு மாடி வீட்டின் தரைத்தளத்தில், சோபாவுக்கும் டீப்பாய்க்கும் நடுவே, வீட்டுக்காரி சபர்வால் ஆண்ட்டி கிடந்தாள். அவளுடைய சால்வையே அவள் கழுத்தில் இறுகியிருந்தது. இருபத்திரண்டு வருடமாக நர்ஸ் வேலை பார்ப்பவளுக்கு நாடி பார்க்கத் தேவையிருக்கவில்லை. இருந்தாலும் குனிந்து பார்த்தாள். உடம்பு குளிர்ந்து போயிருந்தது. எப்போதும் கையில் கிடக்கும் தங்க வளையல்களைக் காணவில்லை. டீப்பாயின் மேல் இரண்டு டீக் கோப்பைகள், அடியில் வண்டல் காய்ந்து நின்றன.

அது 2021 நவம்பர். மாலை ஆறு மணி இருக்கும். அலறியது ஆண்ட்டியின் மகன் விக்ராந்த். குருகிராமில் இருப்பவன், வியாழக்கிழமைதோறும் அம்மாவைப் பார்க்க வருவான்.

அரை மணியில் போலீஸ் வந்தது. இன்ஸ்பெக்டர் ராத்தி என்பவர் எதிரே இருந்த போர்வைக் கடைக்குப் போய், வாசல் கேமராவில் பதிவானதைத் தன் போனில் பிடித்துக்கொண்டு திரும்பினார். குடியிருப்பவர்களை வரிசையாக நிற்கவைத்து அதைக் காட்டினார். தோளில் சாமான் பை தொங்க ஒருவன் பன்னிரண்டு பத்துக்குக் கட்டடத்துக்குள் நுழைகிறான். ஒன்றேகாலுக்கு வெளியே போகிறான்.

"யார் இவன்? யார் வரச் சொன்னது?" என்று இந்தியில் கேட்டார்.

யாரும் வாய் திறப்பதற்குள் விக்ராந்த் கத்தினான். "என் அம்மா வெளி ஆளை உள்ளே விடவே மாட்டாங்க! இவனை எவன் கூட்டிட்டு வந்தானோ அவனும் கொலைகாரன்தான்!"

போனில் தெரிந்தவன் வடிவேல். அவனை வரச் சொன்னவள் டெல்பின்.

விஷயம் இவ்வளவுதான். டெல்பின் இருந்த முதல் மாடியில் ஒரு வாரமாக சிங்க் அடைத்துக் கிடந்தது. ஆண்ட்டி தன் வழக்கமான பிளம்பரைத் தவிர யாரையும் கூப்பிடக் கூடாது என்பாள். அந்த ஆளோ நாளைக்கு, நாளைக்கு என்று இழுத்துக்கொண்டிருந்தான். டெல்பின் வேலை பார்த்த தனியார் ஆஸ்பத்திரியில், அவளுடைய வார்டைப் பெருக்கித் துடைப்பவள் மரியபுஷ்பம். ஜங்புராவில் தமிழர்களின் குடிசைப் பகுதியான மதராசி கேம்ப்பில் குடியிருந்தாள். அவள் புருஷன் வடிவேல் பிளம்பர். "ஒங்க வீட்டுக்காரர ஒருநா அனுப்பேன், ஆண்ட்டிக்குத் தெரியாம செஞ்சிட்டுப் போயிரட்டும்" என்று டெல்பின் வார்டில் நின்றபடி சொல்லியிருந்தாள். போனில்கூட இல்லை, வாய்ப்பேச்சு. அவன் வந்தான், குழாயைக் கழற்றினான், அடைப்பெடுத்தான், தண்ணீர் விட்டுக் காட்டினான், போனான்.

"மேடம், உங்களுக்குத் தெரியுமா?" என்றார் ராத்தி.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அந்த ஒரு கணத்தில் டெல்பினுக்கு நினைவு வந்தது ஆண்ட்டி அல்ல, வடிவேலும் அல்ல. அயர்லாந்து. இன்டர்வியூ முடிந்து வேலை உறுதியாகியிருந்தது. அடுத்த மாதம் போலீஸிடமிருந்து நன்னடத்தைச் சான்றிதழ் வாங்க வேண்டும்.

"தெரியாது சார்," என்றாள். "படியில பாத்தேன். யாருன்னு தெரியாது."

ஒரு பொய் போதுமாயிருந்தது. அதற்குப் பிறகு அவள் சும்மா இருந்தாலே அது தானாக வளர்ந்தது.

மறுநாள் காவல் நிலையத்தில் வாக்குமூலம் எடுத்தார்கள். அங்கே அவள் ஒரு உண்மையைச் சொல்லிப் பார்த்தாள். இரண்டு மணி வாக்கில் தள்ளுவண்டிக் காய்காரனிடம் ஆண்ட்டி பட்டாணிக்குப் பேரம் பேசிய குரலைத் தன் ஜன்னலிலிருந்து கேட்டதாகச் சொன்னாள். அப்படியென்றால் வடிவேல் போய் முக்கால் மணி நேரத்துக்குப் பிறகும் ஆண்ட்டி உயிரோடு இருந்திருக்கிறாள். ராத்தி பேனாவை நிறுத்தினார்.

"நைட் டியூட்டி முடிச்சிட்டு வந்தீங்கன்னு சொன்னீங்க. தூக்கக் கலக்கத்துல மணி எப்படித் தெரியும்? முந்தின நாள் கேட்டதா இருக்கலாம் இல்லையா?"

அவள் மடியில் இருந்த கைகளைப் பார்த்துக்கொண்டு, "இருக்கலாம்" என்றாள். ராத்தி அதை எழுதவில்லை. கேமராவில் ஒன்றரை மணிக்குப் பிறகு இருந்ததை யாரும் கேட்டு வாங்கவும் இல்லை. பத்துப் பதினைந்து நாளில் அதன் மேல் புதுப் பதிவுகள் ஏறிவிட்டன. காய்காரனைத் தேடவில்லை. கோப்பைகளில் கைரேகை எடுக்கவில்லை. ஆள் கிடைத்துவிட்ட பிறகு அதெல்லாம் எதற்கு என்று விட்டுவிட்டார்கள்.

ஆள் மூன்றாம் நாள் கிடைத்தான். ஃபரீதாபாதில் ஒரு கட்டடத்தில் குழாய் பதிக்கும் வேலைக்குப் போய் அங்கேயே தங்கியிருந்தான். தலைமறைவாகிவிட்டான் என்று எழுதினார்கள். முன்கையில் ஒரு கீறல் இருந்தது. கிழவி போராடியபோது பிறாண்டியது என்று எழுதினார்கள். கட்டடத்தில் அவனுக்கு எந்த வேலையும் இல்லை, யாரும் அவனைக் கூப்பிடவில்லை, நோட்டம் பார்த்து நுழைந்திருக்கிறான் என்றும் எழுதினார்கள். வளையல் மட்டும் கிடைக்கவே இல்லை.

அவன் கைதான மறுநாள் காலை, ஆஸ்பத்திரியின் துணி அலமாரி அறையில் மரியபுஷ்பம் டெல்பினின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நீங்கதானே வரச் சொன்னீங்க. அத மட்டும் போலீசுல சொல்லிடுங்கக்கா. வேற ஒண்ணும் வேணாம். அடிக்கிறாங்களாம்."

"சொல்லுதேன்," என்றாள் டெல்பின். "அழாத. நான் சொல்லுதேன்."

அதைச் சொன்னபோது சொல்லிவிடும் எண்ணம் அவளுக்கு உண்மையாகவே இருந்தது. மாலையில் வீட்டுக்கு வந்து கணவன் கிளமெண்டிடம் பேசினாள். ஒரு பள்ளிக்கூடத்தில் லேப் உதவியாளராக இருந்தான் அவன். தூத்துக்குடியிலிருந்து அவளைக் கட்டிக்கொண்டு வந்து பதினெட்டு வருடமாகியும் டெல்லியைக் கண்டு பயப்படுகிறவன்.

"இப்பப் போய் மாத்திச் சொன்னா மொதல்ல ஏன் பொய் சொன்னேன்னு ஒன்னயத்தான் பிடிப்பான்," என்றான். "கொலைகாரனக் கூட்டிட்டு வந்தவன்னு அந்தப் பையன் கத்துனத நீயே கேட்டேல்லா? அவன் தப்பு செய்யலன்னா கோர்ட்டுல விட்டுருவாங்க. நாம எதுக்கு நடுவுல?"

அவன் சொன்னதில் ஒரு வார்த்தைகூட சரியில்லை என்று அவளுக்குத் தெரியும். இருந்தும் அவன் அப்படிச் சொன்னது அவளுக்கு ஆறுதலாக இருந்தது. அதுதான் பிற்பாடு அவளை அதிகம் உறுத்தியது.

மூன்று மாதத்தில் குற்றப்பத்திரிகை வந்தது. சாட்சிகளின் பட்டியலில் ஆறாவதாக டெல்பினின் பெயர் இருந்தது. அவள் என்ன சொல்லியிருந்தாள் என்பதை வடிவேலின் வக்கீல் படித்துக் காட்டியபோதுதான் மரியபுஷ்பத்துக்குத் தெரிந்தது. மறுநாள் அவள் சண்டைக்கு வருவாள், வார்டில் எல்லோர் முன்னாலும் கத்துவாள் என்று டெல்பின் காத்திருந்தாள். வந்தாள். வாளியை வைத்தாள். தரையைத் துடைத்துக்கொண்டே டெல்பினின் மேஜை வரைக்கும் வந்தவள், அவள் காலைத் தூக்கட்டும் என்று ஒரு நிமிடம் நின்றாள். டெல்பின் காலைத் தூக்கினாள். அடியில் துடைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். அன்றிலிருந்து மூன்றரை வருடம் அவள் டெல்பினிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

இதைவிட அவள் அறைந்திருக்கலாம்.

நன்னடத்தைச் சான்றிதழ் நல்லபடியாகவே வந்தது. அயர்லாந்து வேலைதான் வரவில்லை. ஆள் அனுப்பும் ஏஜென்சி ஒருநாள் கதவைப் பூட்டிக்கொண்டு போய்விட்டது. கிளமெண்டும் அவளும் கரோல் பாக் வீட்டைக் காலி செய்துகொண்டு படேல் நகருக்கு மாறினார்கள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் நன்மை அப்பம் வாங்க எல்லோரும் வரிசையில் போகும்போது, பாவத்தோடு அதை வாங்கக் கூடாது என்று டெல்பின் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். முட்டியில் வலி என்று தெரிந்தவர்களிடம் சொன்னாள். அதுவும் ஒரு பொய்.

அவளுக்கு வடிவேலின் முகம் சரியாக நினைவில்லை. ஒரு மணி நேரம் பார்த்த முகம்தானே. ஆனால் ஆண்ட்டியின் குரல் மட்டும் அப்படியே இருந்தது: "பையா, இதுக்குப் பேரு பட்டாணியா? உள்ளே பூச்சிதான் இருக்கு!" அந்தக் குரலை அவள் சரியாகக் கேட்டிருந்தாள். முந்தின நாள் அவளுக்குப் பகலும் இரவும் சேர்த்து டியூட்டி. வீட்டிலேயே இல்லை. 'இருக்கலாம்' என்று சொன்னபோதும் அது அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

2025 ஜூனில் மதராசி கேம்ப்பை இடித்தார்கள். காகிதம் சரியாக இருந்தவர்களுக்கு நரேலாவில் வீடு ஒதுக்கினார்கள். மரியபுஷ்பத்துக்குக் கிடைத்தது. ஆனால் நரேலா டெல்லியின் வடக்கு எல்லை. காலை ஷிஃப்டுக்கு அங்கிருந்து வந்து சேர முடியாது. வேலையை விட்டாள். போகும்போது இவ்வளவு காலம் இங்கே வேலை பார்த்தாள் என்று ஒரு கடிதம் வேண்டும். வார்டு பொறுப்பாளர் கையெழுத்துப் போட வேண்டும். பொறுப்பாளர் டெல்பின்.

ஆபீஸில் அடித்துக் கொடுத்த கடிதத்தை மேஜை மேல் வைத்துவிட்டு மரியபுஷ்பம் நின்றாள். நேரம் தவறாதவர், நேர்மையானவர் என்று அதில் இருந்தது. டெல்பினின் பேனா கையெழுத்து போட வேண்டிய இடத்திலேயே நின்றுவிட்டது.

"மரியபுஷ்பம்..."

"பேரு சரியா இருக்கான்னு பாத்துக்குங்க சிஸ்டர்," என்றாள் அவள். அக்கா போய் சிஸ்டர் ஆகியிருந்தது. "முன்ன வேல பாத்த எடத்துல ரெண்டு வார்த்தையா எழுதிட்டாங்க. ஒரே வார்த்தை அது."

டெல்பின் கையெழுத்துப் போட்டாள். மரியபுஷ்பம் காகிதத்தை மடித்துக்கொண்டு, "ஆகஸ்ட்டுல ஒங்களுக்கு சம்மன் வருமாம். வக்கீலம்மா சொன்னாங்க. நான் ஒண்ணும் கேக்க வரல" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சம்மன் வந்தது. அன்று இரவுச் சாப்பாட்டின்போது டெல்பின் கிளமெண்டிடம், "நான் உள்ளதச் சொல்லப் போறேன்" என்றாள். அவன் தட்டை நகர்த்தி வைத்தான். பிறகு, "நானும் வாரேன்" என்றான்.

தீஸ் ஹசாரி நீதிமன்றத்தில் அவள் பெயரைக் கூப்பிட்டபோது பன்னிரண்டு மணி. சத்தியப்பிரமாணம் செய்தாள். அரசு வக்கீலுக்கு இது ஐந்து நிமிட வேலை. ஃபைலைப் புரட்டிக்கொண்டே கேட்டார்.

"குற்றவாளிக் கூண்டில் நிற்கும் நபரை உங்களுக்கு அதற்கு முன் தெரியுமா?"

அவள் திரும்பிப் பார்த்தாள். நாலு வருடத்தில் தலை பாதி நரைத்திருந்தது. அவன் அவளைப் பார்க்கவில்லை. நீதிபதியின் மேஜை விளிம்பைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"தெரியாது. ஆனா அவரை வரச் சொன்னது நான்தான்," என்றாள் இந்தியில்.

அரசு வக்கீல் ஃபைலிலிருந்து தலையைத் தூக்கினார். அவள் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று பயந்தாள். சிங்க் அடைத்தது, மரியபுஷ்பத்திடம் சொன்னது, அவன் வந்து வேலை பார்த்தது, போனது, இரண்டு மணிக்கு ஆண்ட்டியின் குரலைக் கேட்டது எல்லாவற்றையும் சொன்னாள். டைப் அடிக்கிறவர் இரண்டு முறை கையைத் தூக்கி, மெதுவாக என்றார்.

சாட்சி பிறழ்ந்துவிட்டார், குறுக்கு விசாரணைக்கு அனுமதி வேண்டும் என்றார் அரசு வக்கீல். கிடைத்தது.

"குற்றவாளியின் மனைவி உங்கள் கீழே வேலை பார்த்தவர். சரிதானே? இத்தனை வருடம் தினமும் பார்த்துக்கொண்டீர்கள். அவருக்காக இந்தக் கதையைச் சொல்கிறீர்கள்."

"இல்லை சார். மூணரை வருஷமா அவ என்கிட்ட பேசவே இல்லை."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "நாலு வருடம் ஏன் சொல்லவில்லை?"

அவள் பல நாட்களாக இந்தக் கேள்விக்குப் பதில் தயார் செய்திருந்தாள். கணவன், விக்ராந்தின் கோபம், ராத்தி எழுதாமல் விட்டது, எல்லாம் அதில் இருந்தன. இப்போது அதையெல்லாம் விட்டுவிட்டாள்.

"வெளிநாட்டு வேலைக்குப் போக வேண்டியிருந்தது. போலீஸ் சான்றிதழ் கிடைக்காதுன்னு பயந்தேன்," என்றாள்.

கூடத்தில் யாரோ சின்னதாகச் சிரித்தார்கள். நீதிபதி, எழுதிக்கொள்ளும்படி டைப்பிஸ்டைப் பார்த்துத் தலையசைத்தார்.

வடிவேலுக்காக வாதாடியவள் மானசா, இலவச சட்ட உதவியிலிருந்து நியமிக்கப்பட்ட இளம் வக்கீல். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். அவள் டெல்பினிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். இரண்டு மணிக்குக் குரல் கேட்டதை போலீஸிடம் அப்போதே சொன்னீர்களா? சொன்னேன், எழுதவில்லை என்றாள் டெல்பின்.

வெளியே தாழ்வாரத்தில் விக்ராந்த் வழிமறித்தான். அவனும் நரைத்திருந்தான். கத்துவான் என்று கிளமெண்ட் முன்னால் வந்து நின்றான். ஆனால் விக்ராந்த் கத்தவில்லை.

"ரெண்டு மணிக்கு அம்மா குரல் கேட்டதா?"

"ஆமா."

"அது அன்னிக்கே தெரிஞ்சிருந்தா ரெண்டு மணிக்கு அப்புறம் யார் வந்தாங்கன்னு கேமராவுல பாத்திருப்பாங்க. அம்மா யாருக்கோ டீ போட்டுக் குடுத்திருக்காங்க. தெரிஞ்ச ஆள். நாலு வருஷமா நான் தப்பான ஆளுக்குச் சாபம் விட்டுட்டிருக்கேன். சரியான ஆள் எங்கேயோ சாப்பிட்டுட்டுத் தூங்குறான். உங்களுக்கு அம்மா பட்டாணி உரிச்சுக் குடுப்பாங்களே, அது ஞாபகம் இருக்கா?"

ஒரு ஆளைத்தான் பலி கொடுத்தோம் என்று அவள் அதுவரை நினைத்திருந்தாள்.

நவம்பரில் தீர்ப்பு வந்தது. விடுதலை. மானசா போனில் சொன்னாள். டெல்பின் நேரில் பார்க்க வேண்டும் என்று கேட்டு, மறுநாள் கோர்ட் வாசலில் போய் நின்றாள்.

"ஆண்ட்டி, ஜட்மென்ட்ல போலீஸை நல்லா கேட்டிருக்கார்," என்றாள் மானசா. இந்தியும் இங்கிலீஷும் கலந்துதான் அவளுக்குத் தமிழ் வந்தது. "ஃபுட்டேஜ் பூரா எடுக்கலை, கப்ல ஃபிங்கர்பிரின்ட் இல்லை, வளையல் இல்லை, சந்தர்ப்ப சாட்சியம்னா செயின் மாதிரி முழுசா இருக்கணும், இதுல லிங்க்கே இல்லைன்னு. அதனால பெனிஃபிட் ஆஃப் டவுட்."

"நான் சொன்னது?"

மானசா கையிலிருந்த ஃபைலை மூடினாள். "உங்களைப் பத்தி ஒரு பேரா இருக்கு. இந்த சாட்சி ரெண்டு தரம் ரெண்டு மாதிரி சொன்னவங்க, ரெண்டையுமே நம்ப முடியாது, கன்ஸிடர் பண்ணலைன்னு எழுதியிருக்கார். வருத்தப்படாதீங்க. வடிவேல் வெளியே வந்துட்டார், அது போதும்."

"எனக்கு ஏதாவது தண்டனை?"

"போலீஸ்கிட்ட சொன்னது சத்தியப்பிரமாணம் பண்ணி இல்லை ஆண்ட்டி. கோர்ட்ல உண்மைதானே சொன்னீங்க. ஒண்ணும் வராது."

ஒன்றும் வராது என்று கேட்டபோது அவளுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். ஏதாவது வந்தால் தேவலை என்றுதான் அவள் அவ்வளவு தூரம் வந்திருந்தாள்.

அடுத்த வாரம் ஒரு விடுமுறை நாளில், கிளமெண்டிடம் சொல்லாமல், இரண்டு பஸ் மாறி நரேலாவுக்குப் போனாள். ஒரே மாதிரியான கட்டடங்கள், பாதி ஆள் இல்லாமல் இருந்தன. விசாரித்து விசாரித்து மூன்றாவது மாடி ஏறினாள். கதவைத் திறந்தது வடிவேல். உள்ளே மரியபுஷ்பம் தரையில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"யாரு?" என்றான் அவன். கோர்ட்டிலும் அவள் முகத்தைப் பார்க்காதவனுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை.

"கரோல் பாக்," என்றாள் மரியபுஷ்பம், முறத்திலிருந்து கண்ணெடுக்காமல்.

அவன் கதவை முழுதாகத் திறந்தான். பிறகு பழக்கத்தில், "உள்ள வாங்க" என்றான். அவள் வாசற்படியைத் தாண்டவில்லை. மன்னித்துவிடுங்கள் என்று சொல்லத்தான் வந்திருந்தாள். அந்த வார்த்தை இப்போது, யாரோ காலை மிதித்துவிட்டால் சொல்வதைப் போல அவ்வளவு சின்னதாகத் தெரிந்தது.

"ஏங்க சொல்லல?" என்று அவனே கேட்டான். கோபமில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவனைப் போலக் கேட்டான்.

"பயந்துட்டேன்."

அவன் அதை யோசித்துப் பார்த்தான். "நானும்தான் பயந்தேன். நர்ஸம்மா கூப்ட்டாங்கன்னு நான் சொன்னது பொய்யின்னு எழுதிக் குடுறான்னு அடிச்சாங்க. ரெண்டு நாளு. எழுதிக் குடுத்திருந்தா விட்டிருப்பாங்களோ என்னவோ." அவன் தன் உள்ளங்கையைப் பார்த்தான். "உண்மையப் போயி பொய்யின்னு எப்பிடிங்க எழுதுறது? கைல வரல."

உள்ளே முறத்தில் அரிசி விழும் சத்தம் நின்றிருந்தது.

"சரிங்க," என்றான் அவன் கடைசியில். "தூரம் போவணும் நீங்க. போயிட்டு வாங்க."

மரியபுஷ்பம் எழுந்து வந்தாள். புருஷனை மெல்ல நகர்த்திவிட்டுக் கதவில் கை வைத்தாள்.

"வாங்கன்னு சொல்லாதய்யா," என்றாள் அவனிடம். டெல்பினை நேராகப் பார்த்தாள், நாலு வருடத்தில் முதல் தடவையாக. "போங்க சிஸ்டர்."

கதவு சத்தமில்லாமல் மூடியது. டெல்பின் படியிறங்கி, பஸ் நிறுத்தம் எந்தப் பக்கம் என்று கீழே ஒருவரிடம் கேட்டுக்கொண்டு நடந்தாள்.